ஆஸ்பத்திரிச் செலவை ஆராயும் வேலை: பர்மாவிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு

ரங்கூன், மோல்மீன், தட்டோன் பக்கத்து நம் பிள்ளைகள் கொஞ்ச காலமாக ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சுகாதார நிதி ஆராய்ச்சி என்கிறார்களே, அதற்கு எப்படிப் போவது? டாக்டருக்குப் படித்திருந்தால்தான் முடியுமா?"

வேண்டியதில்லை. பி.காம். முடித்தவர், நர்ஸ், கணக்கு டீச்சர் என்று யாரும் வரலாம். இந்தத் துறையின் நல்ல ஆய்வாளர்களில் பாதிப்பேர் ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்டதே இருக்காது. ஆனால் பர்மாக்காரர்கள் வழுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டுக்காரர் கேட்கிற கேள்விக்கு இங்கே வீடு வீடாகப் போய் டேட்டா வாங்கிக் கொடுப்பவராகவே கடைசிவரை நின்றுவிடுவது. தலைமுடி நரைத்த பிறகும் "ஃபீல்டு அசிஸ்டென்ட்" என்ற பெயரோடு இருப்பவர்கள் இந்த ஊரில் நிறைய. அங்கிருந்து சொந்தக் கேள்வியோடு எழுதுகிற ஆளாக மாறுவது எப்படி என்பதை மனத்தில் வைத்துத்தான் கீழே உள்ளதைச் சொல்கிறேன்.

என்ன வேலை இது?

ஒருவர் நோயில் விழுகிறார். செலவுக்கான பணம் எங்கிருந்து திரட்டப்படுகிறது? எங்கே ஒன்றாகத் தொகுக்கப்படுகிறது? அதைக் கொண்டு யாரிடம் என்ன சிகிச்சை வாங்கப்படுகிறது? திரட்டுதல், தொகுத்தல், வாங்குதல் என்ற இந்த மூன்றையும் பின்தொடர்வதுதான் சுகாதார நிதி ஆராய்ச்சி. உலக சுகாதார நிறுவனமும் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறது.

பர்மாவை வைத்துப் பாருங்கள். 2021க்கு முன்பே, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கு மக்கள் கைக்காசு. அரசு போட்டது ஜிடிபியில் 1 சதவீதத்துக்கும் கீழே. தொகுத்தல் என்று ஒன்று இருந்ததென்றால் அது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம். 1954 சட்டத்தில் பிறந்து, 2012இல் புதுச் சட்டம் பெற்றது. ஆனால் பதிவு பெற்ற கம்பெனி ஊழியருக்குத்தான் அது. டீக்கடை வைத்தவருக்கும் வயலில் கூலி வேலை பார்ப்பவருக்கும் அதில் இடம் இல்லை. 2017இல் வந்த தேசிய சுகாதாரத் திட்டம் 2030க்குள் எல்லோருக்கும் சிகிச்சை என்று பேசியது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அரசு டாக்டர்களும் நர்ஸ்களும் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு வெளியே வந்து சிடிஎம் என்ற சட்டமறுப்பு இயக்கத்தில் சேர்ந்தார்கள். அத்தோடு அந்தத் திட்டமும் காகிதமாகிப் போனது.

பாடப்புத்தகங்கள் எல்லாம் ஒரு நம்பிக்கையில் எழுதப்பட்டவை. அரசு என்று ஒன்று உண்டு, அது வரி வாங்கும், ஆஸ்பத்திரி நடத்தும் என்ற நம்பிக்கை. ஆட்சி தள்ளாடுகிற இடங்களில் அது பலிப்பதில்லை. இன்று இங்கே ராணுவ ஆட்சியின் கீழ் உள்ள ஆஸ்பத்திரி இருக்கிறது. தனியார் கிளினிக் இருக்கிறது. கரென், கச்சின் போன்ற இன அமைப்புகள் தாங்களே நடத்தும் சுகாதாரத் துறைகள் இருக்கின்றன. 1998 முதல் மருந்தை முதுகில் சுமந்து கிராமம் கிராமமாகப் போகும் பேக்பேக் குழு இருக்கிறது. எல்லைக்கு அப்பால் தாய்லாந்தின் மேசோட்டில் டாக்டர் சிந்தியா மாங் 1989இல் தொடங்கிய மே தாவ் கிளினிக் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பணம் வரும் வழி வேறு. இந்தச் சிக்கலைப் பிரித்துப் பார்ப்பதால்தான் இது தனித்துறையாக நிற்கிறது.

படிக்கத் தொடங்குகிறவர்கள் மூன்று நாடுகளின் கதையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆப்கானிஸ்தானில் 2003 வாக்கில் அடிப்படைச் சிகிச்சைகளை ஒரு தொகுப்பாக வகுத்து, அதை நடத்தும் பொறுப்பை என்.ஜி.ஓ.க்களுக்குக் கான்ட்ராக்ட் விட்டார்கள். கம்போடியாவில் 2000 முதல், ஏழை நோயாளிக்கு ஆகும் கட்டணத்தை ஆஸ்பத்திரிக்குச் செலுத்தும் சமநீதி நிதிகள் வந்தன. உள்நாட்டுப் போர் முடிந்திருந்த சியரா லியோன் 2010 ஏப்ரலில் கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கட்டணத்தை நீக்கியது. மூன்றும் மூன்று விதமான பதில்கள். மூன்றிலும் வெளிநாட்டுப் பணம் இருந்தது. அது வற்றினால் என்ன ஆகும் என்ற கேள்வியும் கூடவே இருந்தது.

முதல் பயிற்சி: தெரிந்த ஒரு வீட்டின் கணக்கு

கோர்ஸ் எதிலும் சேர்வதற்கு முன்பே இதைச் செய்யலாம். உங்கள் சொந்தத்தில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சம்மதத்தோடு உட்கார்ந்து முழுக் கணக்கையும் எழுதுங்கள். டாக்டர் ஃபீஸ், வெளியே வாங்கிய மருந்து, ஸ்கேன், டாக்ஸி, துணைக்கு இருந்தவரின் சாப்பாடு, அவர் வேலைக்குப் போகாததால் போன கூலி என்று ஒன்று விடாமல். அப்புறம் அடுத்த பக்கத்தில், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். நம் வீடுகளில் இந்தப் பக்கம்தான் நீளும். அடகுக்கடைக்குப் போன வளையல், பாதியில் ஏலம் எடுத்த சீட்டு, மலேசியாவில் வேலை பார்க்கும் தம்பி அனுப்பியது, கோயில் கமிட்டி திரட்டிக் கொடுத்தது, மாத வட்டிக்கு வாங்கியது. சர்வே படிவத்தில் இவை அத்தனைக்கும் "பிற" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும்.

இப்போது அதே கணக்கில் அளவுகோலை வையுங்கள். ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளுக்காக முதலில் வகுத்த முறையில், குடும்பத்தின் மொத்தச் செலவில் அல்லது வருமானத்தில் 10 சதவீதத்தை மருத்துவம் தாண்டினால் அது பெருஞ்செலவு. இன்னும் கடுமையாகப் பார்க்க 25 சதவீதம். வேறொரு முறையில், சாப்பாடு போன்ற அடிப்படைத் தேவை போக மிஞ்சியதில் 40 சதவீதம். மூன்றையும் போட்டுப் பாருங்கள். ஒரே குடும்பம் ஒரு முறையில் நொடித்துப்போனதாகவும் இன்னொரு முறையில் சமாளித்ததாகவும் தெரியலாம். எந்த அளவுகோலை எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று சொல்ல முடிந்தால், முதல் பாடம் முடிந்தது.

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியம். காசு இல்லை, வழியில் சண்டை, அதனால் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை, வீட்டிலேயே இறந்துபோனார் என்றால் அந்தக் குடும்பத்தின் மருத்துவச் செலவு பூஜ்யம். கணக்கில் அவர்கள் பாதிக்கப்படாத குடும்பம். அமைதியான நாட்டில் இது ஓர் ஓரத்துப் பிழை. இங்கே அதுவே நடுமையம். செலவு குறைந்திருக்கிறது என்று ஒரு அறிக்கை சொன்னால், நிலைமை நன்றாகிவிட்டதா, இல்லை ஜனங்கள் போவதையே நிறுத்திவிட்டார்களா என்று கேளுங்கள். ரங்கூன் மேசையில் உட்கார்ந்து கிராஃப் போடுகிற பலர் இதைக் கேட்பதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். அரசு ஏற்கும் 135 இனங்களின் பட்டியலில் தமிழர் இல்லை. 2014 கணக்கெடுப்பில் இனவாரி விவரம் வெளியிடப்படவே இல்லை. ஆகவே தமிழ்க் குடும்பங்கள் சிகிச்சைக்கு எப்படிப் பணம் புரட்டுகின்றன என்று எந்தப் பொதுத் தரவிலிருந்தும் பிரித்துச் சொல்ல முடியாது. இது உங்கள் கண்ணுக்கு முதலில் படக்கூடிய கேள்வி. ஆனால் நம் ஆட்களை மட்டுமே ஆராய்வது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பர்மியம் நன்றாகப் பேசவும் எழுதவும் வரவேண்டும். மொன், கரென் பகுதிகளில் வேலை செய்ய ஆசை இருந்தால் அந்த மொழியும் கொஞ்சம்.

கருவிகள்

எக்செல் தெரிந்தால் தொடங்கலாம். அதன்பின் ஆர் என்ற மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். அது இலவசம். ஸ்டேட்டா என்ற இன்னொரு மென்பொருளைத்தான் இந்தத் துறையில் பலர் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அதற்குக் காசு கட்ட வேண்டும். கரண்ட் போகும், நெட் நிற்கும் என்பதால் பாடங்களையும் டேட்டாவையும் இறக்கி வைத்துக்கொண்டு ஆஃப்லைனில் பழகுவதே நடக்கிற காரியம்.

பழக நல்ல தரவு வேண்டுமென்றால் 2015-16இல் எடுத்த மக்கள்தொகை சுகாதார சர்வே, 2017 வாழ்க்கைநிலை சர்வே இரண்டும் உண்டு. 2021 டிசம்பர் முதல் இஃப்ப்ரி என்ற உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம் சுமார் 12,000 குடும்பங்களிடம் போன் மூலம் சுற்றுச் சுற்றாக சர்வே எடுத்தது. அதன் அறிக்கைகளைப் படியுங்கள். போனில் கேட்கும்போது போன் இல்லாதவர் விட்டுப் போவார், அதை எப்படி எடைபோட்டுச் சரிக்கட்டுகிறார்கள் என்று பாருங்கள். நேர்காணல் எடுப்பதும் இதே அளவுக்குக் கற்கவேண்டிய திறமைதான். நம்மவர்கள் அதைச் சும்மா பேசுவது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

கட்டணம் கட்டாமல் ஆய்விதழ்கள் படிக்க ஹினாரி என்ற திட்டம் இருக்கிறது. தனி ஆளுக்குக் கிடைக்காது, நிறுவனம் வழியாகத்தான்.

முதல் வேலை

பெரும்பாலும் என்.ஜி.ஓ.விலோ சர்வே எடுக்கும் கம்பெனியிலோதான் முதல் வேலை கிடைக்கும். சேர்வதற்கு முன் அந்த ப்ராஜெக்டின் பணம் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். அதுவே ஒரு படிப்பு. 2005இல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான குளோபல் ஃபண்ட் பர்மாவை விட்டு வெளியேறியது. அந்த ஓட்டையை அடைக்க 2006இல் சில நாடுகள் சேர்ந்து மூன்று நோய் நிதியை உண்டாக்கின. அதன் வழியில் 2012இல் த்ரீ எம்டிஜி நிதி வந்தது, 2019இல் ஆக்சஸ் டு ஹெல்த் நிதி. பணம் அரசு கஜானாவுக்குள் போகாமல் ஐ.நா.வின் திட்டச் சேவை அமைப்பான யு.என்.ஓ.பி.எஸ். கையில் இருந்தது. கொடுக்கிறவர்களுக்கு ஆட்சியாளர்மேல் நம்பிக்கை இல்லாதபோது பணம் எப்படிச் சுற்றிப் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

சரி, வேலையில் சேர்ந்தாயிற்று. இங்கேதான் நான் முதலில் சொன்ன வழுக்கல். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, மோல்மீன் பக்கத்துப் பெண், ஒரு வெளிநாட்டுக் குழுவுக்காக மழைக்காலம் முழுக்க அலைந்து நேர்காணல்களை எடுத்து, பர்மியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு அவளே மாற்றிக் கொடுத்தாள். கட்டுரை வந்தபோது அவள் பெயர் நன்றி சொல்லும் வரியில் இருந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரும் முன்கூட்டிப் பேசவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முன்கூட்டிப் பேசுங்கள். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு, ஆசிரியர் என்று போட நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவு சேகரிப்பிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளே இருப்பதற்குப் பொறுப்பு. நான்கும் சேர்ந்தே வேண்டும். தரவு சேகரித்ததோடு நிறுத்திக்கொண்டால் இரண்டாவது நிபந்தனையில் அடிபட்டுப் போவீர்கள். எனவே வேலை தொடங்கும்போதே, "வரைவை எழுதும்போது ஒரு பகுதியை நான் எழுதலாமா? முறையியல் பகுதி என்றாலும் பரவாயில்லை" என்று கேளுங்கள். வாயால் கேட்டு, அப்புறம் ஈமெயிலிலும் ஒரு வரி போட்டு வையுங்கள். பெரும்பாலோர் சரி என்பார்கள். சொல்லாதவர்களைப் பற்றியும் ஒரு விஷயம் தெரிந்துவிடும்.

தினமும் களக்குறிப்பு எழுதுங்கள். படிவத்தில் இடமில்லாத செய்திகளை அதில் எழுதுங்கள், ஆட்களை அடையாளம் காட்டாமல். உங்கள் சொந்தக் கேள்வி பெரும்பாலும் அந்த நோட்டில்தான் முளைக்கும்.

மேல்படிப்பு

மாஸ்டர்ஸ் இல்லாமல் இதில் மேலே போக முடியாது. பக்கத்தில் இருப்பது தாய்லாந்து. பாங்காக்கின் சுலாலாங்கோர்ன் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறையில் சுகாதாரப் பொருளாதார எம்.எஸ்ஸி. ஆங்கிலத்திலேயே நடக்கிறது. மஹிடோல் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரப் படிப்புகள் உண்டு, பர்மாக்காரர்கள் அங்கே நிறையப் படித்திருக்கிறார்கள். 2002இல் எல்லாக் குடிமக்களுக்கும் காப்பீட்டைக் கொண்டுவந்த நாடு அது, வகுப்புக்கு வெளியேயும் பாடம் கிடைக்கும். என் வாக்கு தாய்லாந்துக்குத்தான். செலவு குறைவு, எல்லை பக்கம், ஆய்வுக்களமும் கூடவே இருக்கிறது.

தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் இங்கேயே வா என்பார்கள். வரலாம். திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையத்தின் எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார மாஸ்டர்ஸ் படிப்பு நல்ல பெயர் பெற்றது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்த விதம், நான் மேலே சொன்ன "வாங்குதல்" எப்படி நடக்கவேண்டும் என்பதற்குப் பாடமாகவே சொல்லப்படுவது. ஆனால் ஆட்சி தள்ளாடும் இடங்களைப் பற்றித் தனியாகச் சொல்லித்தர அங்கே ஆட்கள் குறைவு.

அந்த விஷயத்தில் பலமாக இருப்பது பிரிட்டன். எடின்பரோவின் குயின் மார்கரெட் பல்கலைக்கழகமும் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும் சேர்ந்து 2011இல் ரீபில்ட் என்ற ஆய்வுக் கூட்டமைப்பைத் தொடங்கின. முதலில் கம்போடியா, சியரா லியோன், உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் வேலை. அடுத்த கட்டத்தில் லெபனான், நேபாளம், சியரா லியோனோடு மியான்மரும் சேர்ந்தது. அவர்கள் வெளியீடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சேராவிட்டாலும் படியுங்கள்.

ஸ்காலர்ஷிப் விஷயத்தில் ஒரு தெளிவு. பர்மா 1948இல் விடுதலை பெற்றபோதே காமன்வெல்த்தில் சேரவில்லை, அந்த ஸ்காலர்ஷிப்புக்கு மனுப்போட்டு நேரம் கழிக்காதீர்கள். செவனிங் என்ற பிரிட்டிஷ் அரசு ஸ்காலர்ஷிப் இருக்கிறது, ஆனால் படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்பவேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. இன்றைய நிலையில் அதற்குக் கையெழுத்திடும் முன் யோசியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தை ஒட்டிய டிடிஆர் என்ற வெப்பமண்டல நோய் ஆராய்ச்சித் திட்டமும் வங்காளதேசம், இந்தோனேசியா போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்கள் வழியாக உதவித்தொகை கொடுத்து வந்திருக்கிறது.

நம்மவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி: அடையாள அட்டை. 1982 குடியுரிமைச் சட்டத்தின் வகைகளில் முழுக் குடியுரிமை இல்லாத குடும்பங்கள் பாஸ்போர்ட்டுக்கு அதிக காலம் அலைய நேரும். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமல்படுத்தியபின் இளைஞர்கள் வெளியே போகும் விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அட்மிஷன் கிடைத்தபின் பாஸ்போர்ட் என்று வைக்காமல், முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்.

களத்தில்

இங்கே தவறு செய்தால் அடி உங்களுக்கு மட்டும் விழாது. ஒரு கிளினிக்குக்கு மருந்து எந்த வழியாக வருகிறது என்பது உங்களுக்கு ஆய்வுச் செய்தி. செக்போஸ்ட்டில் உங்கள் போனைத் திறந்து பார்ப்பவருக்கு அது வேறு செய்தி. பேட்டி கொடுத்தவர் பெயரையும் ஊரையும் ஒலிப்பதிவில் சொல்ல விடாதீர்கள். சம்மதத்தைக் கையெழுத்தாக வாங்குவதைவிட வாய்மொழியாக வாங்கிக் குறித்துக்கொள்வது பாதுகாப்பு. நெறிமுறைக் குழுவிடம் காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். பதிவைப் பூட்டிய இடத்துக்கு அனுப்பிவிட்டு, போனிலிருந்து அழித்துவிட்டுப் பயணம் செய்யுங்கள். கட்டுரையில் டவுன்ஷிப் பெயர் போடாதீர்கள். "தென்கிழக்கில் ஒரு பகுதி" என்பதே போதும். விமர்சகர் இன்னும் துல்லியம் கேட்டால், முடியாது என்று காரணத்தோடு எழுதலாம்.

பல்கலைக்கழகத்தின் நெறிமுறை அனுமதி மட்டும் போதாது. இன அமைப்புகளின் பகுதிகளில் அவர்களுடைய சுகாதாரத் துறையிடமும் அனுமதி வாங்குங்கள். முடிவுகளை முதலில் அவர்களுக்குக் காட்டுங்கள், ஆங்கிலத்தில் அல்ல.

பணக்கணக்கில் ஒரு கண்ணி. 2022 ஆகஸ்டில் அதிகாரபூர்வ விலை ஒரு டாலருக்கு 2,100 கியாட் என்று நிர்ணயிக்கப்பட்டது. சந்தையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போன காலமும் உண்டு. எந்த விலையில் மாற்றினீர்கள், எந்த மாதத்து விலை என்று எழுதாத அட்டவணைக்கு மதிப்பே இல்லை. கூடுமானவரை கியாட்டிலேயே வைத்து, அரிசி விலையோடோ நாள்கூலியோடோ ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

சம்பளமும் கான்ட்ராக்ட்டும்

பி.எச்.டி. முடித்தபின்னும் நிரந்தர வேலை சுலபத்தில் வராது. இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று கான்ட்ராக்ட்தான். இந்த ஆய்வுகளுக்கான பணம் பெரும்பாலும் பணக்கார நாடுகளின் உதவி பட்ஜெட்டிலிருந்து வருகிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோது தாய்லாந்து எல்லை அகதி முகாம்களின் ஆஸ்பத்திரிகள் சில நாட்களில் மூடப்பட்டன. அதே வருஷம் பிப்ரவரியில் பிரிட்டன், 2027க்குள் தன் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5இலிருந்து 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தது. நாம் ஆராய்கிற பொருளே நம் சம்பளத்தையும் தின்னும். அதனால் வேறிடத்திலும் விலைபோகும் திறமை ஒன்று கையில் இருக்கட்டும். தேசிய சுகாதாரக் கணக்குத் தயாரிப்பது, சர்வே வடிவமைப்பு, மருத்துவத் திட்டங்களின் செலவு மதிப்பீடு, இதில் ஏதாவது ஒன்று.

மாநாடுகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சுகாதார அமைப்புகளை ஆராய்பவர்களின் சங்கமான ஹெல்த் சிஸ்டம்ஸ் குளோபல் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கூடுகிறது. 2024இல் நாகசாகியில் நடந்தது. அதற்குள்ளேயே மோதல் பாதித்த நாடுகளுக்கென்று ஒரு குழு இருக்கிறது, அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

கைடுக்கு எழுதும் முதல் கடிதம்

பேராசிரியர்களுக்குப் போகும் கடிதங்களில் பாதி, "உங்கள் மேலான வழிகாட்டுதலை நாடுகிறேன்" என்று தொடங்கி அப்படியே முடிந்துவிடுகிறது. அவர்களுக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். முதல் பத்தியில் உங்கள் கேள்வி, நேராக. உதாரணமாக, "மொன் மாநிலத்தில் கடன் வாங்கிச் சிகிச்சை பெறும் குடும்பங்கள் அந்தக் கடனை எப்படி அடைக்கின்றன?" இரண்டாவதில் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள். வீட்டுக் கணக்குப் பயிற்சி இங்கே கைகொடுக்கும். மூன்றாவதில் அவருடைய ஒரு கட்டுரையைப் படித்ததில் உங்கள் ஊருக்குப் பொருந்தாத இடம் எது என்று மரியாதையோடு சொல்லுங்கள். புகழ்ச்சியைவிட இதற்குத்தான் பதில் வரும். கடைசியில் எந்த ஸ்காலர்ஷிப்புக்கு, எந்தத் தேதிக்குள் மனு போடப்போகிறீர்கள் என்று ஒரு வரி. கூடவே நீங்கள் எழுதிய எதையாவது இணையுங்கள், இரண்டு பக்கமாக இருந்தாலும் சரி.

கடிதத்தில் யாருடைய பாதுகாப்புக்கும் பங்கம் வரும் ஊர், அமைப்பு, ஆள் பெயர் எதுவும் வேண்டாம். இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஒரு தடவை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால், பட்டியலில் அடுத்த பெயருக்கு, அவருடைய கட்டுரையைப் படித்துவிட்டு, மூன்றாவது பத்தியை மட்டும் புதிதாக எழுதி அனுப்புங்கள்.